அண்ணியின் சுருக்குப் பையில் ஒரு பியூஸ்

அண்ணியின் சுருக்குப் பையில் கோயில் விபூதி இருக்கும், சேலை ஊக்கு இருக்கும், ஒரு பியூஸும் இருக்கும். விபூதி தீர்ந்துபோன நாளைப் பார்த்திருக்கிறேன். ஊக்கை யாருக்கோ கொடுத்துவிட்டு முந்தானையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்த நாளையும் பார்த்திருக்கிறேன். பியூஸ் இல்லாத நாளை நான் பார்த்ததில்லை.

வீட்டுச் சுவரில் இருக்குமே, அந்த பியூஸ் இல்லை. இது காருக்குரியது. பெட்டரியிலிருந்து வண்டிக்குப் போகிற மின்சாரம் எல்லாம் முதலில் இதைத் தாண்டித்தான் போக வேண்டும். சுண்டுவிரல் நீளம்கூட இராது. இரண்டு முனையிலும் ஸ்குரூ போட ஓட்டை, நடுவில் மெல்லிய தகடு. எங்கேயாவது வயர் நசுங்கி உரசினால் அந்தத் தகடுதான் எரிந்து வண்டியைக் காப்பாற்றிவிடும். அது போய்விட்டால் ஹோர்ன் அடிக்காது, விளக்கு எரியாது, சாவியைத் திருப்பினால் ஒரு முனகல்கூடக் கேட்காது. ஊரே கூடித் தள்ளினாலும் வண்டி கிளம்பாது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் அண்ணன் பதுளையில் ஹயரிங் கார், அதாவது வாடகைக் கார், ஓட்டிப் பிழைத்தவன். வெள்ளைக்காரன் காலத்துக் கார் ஒன்றை வைத்துக்கொண்டு மாரடித்தவன், ஜப்பான் கார்கள் கப்பல் கப்பலாக வந்திறங்கிய காலத்தில் தானும் ஒன்றை வாங்கினான். பழையதுதான். ஆனால் அண்ணன் அதற்குச் சந்தனப் பொட்டு வைத்த அழகைப் பார்த்தால் நேற்றுப் பிறந்த வண்டி என்று நினைப்பீர்கள். வண்டிக்குப் பொட்டு வைத்தது அண்ணன், அதன் பொனட்டைத் திறந்து பார்த்தது அண்ணி. பூனாகலைத் தோட்டத்து ஃபெக்டரியில் இன்ஜின் ரூமில் வேலை பார்த்தவரின் மகள் அவர். மற்றப் பெண்கள் புது இடத்துக்குப் போனால் அடுப்படியை எட்டிப் பார்ப்பார்கள். அண்ணி எங்கே போனாலும் மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று பார்ப்பார்.

நாத்தனாருக்கு அண்ணியைப் பிடிக்கக்கூடாது என்று எந்தச் சாமி வரம் கொடுத்ததோ தெரியாது. அண்ணிக்கு மூன்றாம் முடிச்சுப் போட்டவள் நான். போட்ட கையோடு சண்டைக்குத் தயாராக இருந்தேன் என்பதும் உண்மை. ஆனால் சண்டை போடுவதற்கு எதிராளி ஒத்துழைக்க வேண்டும். அண்ணியிடம் கோபித்துக்கொண்டு மூஞ்சியைத் தூக்கி வைத்தால், "என்ன பாப்பா, எங்க உரசுது?" என்று கேட்பார். கேலியாகக் கேட்பதில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பார். பதில் வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பார். எவ்வளவு நேரம்தான் ஒரு மனுஷி மூஞ்சியைத் தூக்கி வைத்திருப்பது? கடைசியில் சொல்லித் தொலைத்தேன். அண்ணன் கல்யாணத்துக்கு முன்பு காரின் முன் சீட்டில் நான்தான் உட்காருவேன், இப்போது பின்னால் உட்கார வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான் விஷயம். அண்ணி சிரிக்கவில்லை. "இது ஞாயந்தானே" என்றார். அடுத்த முறை சந்தைக்குப் போனபோது பின் கதவைத் திறந்து அவரே ஏறிக்கொண்டார்.

அண்ணனும் லேசுப்பட்டவன் இல்லை. ஹயர் சரியில்லாத நாளில் சோற்றுத் தட்டு பறக்கும். அண்ணி பதிலுக்குக் கத்தியதில்லை, அழுததும் இல்லை. மறுநாள் காலையில் தேத்தண்ணீரைக் கையில் கொடுத்துவிட்டு, "நேத்து எதுல பட்டு எரிஞ்சுச்சுங்க?" என்பார். அண்ணன் முதலில் முறைப்பான். பிறகு ஆஸ்பத்திரி வாசலில் எவனோ வரிசை மீறி ஹயர் பிடித்த கதை ஒவ்வொன்றாக வெளியே வரும். ஒன்று சொல்கிறேன், அண்ணி இப்படிக் கேட்டுக் கேட்டே எங்கள் வீட்டில் தட்டு பறப்பது நின்றது. சோறு ஏன் அடிப்பிடித்தது என்று மட்டும் அவர் ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை. வாரம் தவறாமல் அடிப்பிடிக்கும். நாங்களும் தின்போம்.

தோட்டத்து ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தேயிலைப் பெட்டிக்குள் ஈரம் படாமல் இருக்க ஒரு ஈயத்தாள் விரிப்பார்கள். அந்தத் தாள் ஒரு துண்டு கிடைத்தால் விடமாட்டார்கள். கோயில் தேருக்கு ஒட்டுவார்கள், கூரை ஓட்டையை அடைப்பார்கள், சாமி படத்துக்குச் சட்டம் போடுவார்கள். டிரைவர்மார் அதை வேறொரு வேலைக்கும் வைத்திருந்தார்கள். பியூஸ் எரிந்தால் அந்த இடத்தில் ஈயத்தாளைச் சுருட்டி வைத்துவிடுவார்கள். வண்டி உடனே கிளம்பும். "கடையில வாங்குற பியூசு எரியும், நம்ம ஈயத்தாள் எரியவே எரியாது" என்று பெருமை வேறு.

அண்ணனின் கூட்டாளி ஒருவர், பதுளைக் கடைவீதி முஸ்லிம் மனிதர், நாங்கள் நானா என்று கூப்பிடுவோம். அவரும் கார் ஓட்டினார். ஒருமுறை தெமோதரையிலிருந்து திரும்பும்போது நானாவின் வண்டியில் புகை கிளம்பிற்று. ஆட்கள் குதித்து இறங்கிவிட்டார்கள். டேஷ்போர்ட்டுக்குள் இருந்த வயர் எல்லாம் உருகிப் பாகாகிவிட்டது. எங்கள் வீட்டுக்கு வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

"அல்லா காப்பாத்தினான், உசுருக்கு ஒண்ணும் இல்ல. போன கிழமதான் பியூசு போச்சுன்னு ஈயத்தாள் சுத்தினேன் தங்கச்சி. நல்லாத்தானே ஓடுச்சு?"

அண்ணி அவருக்குப் பிளேன்டீ கொடுத்துவிட்டுச் சொன்னார். "பியூசு சாகும்போதே ஒரு சேதி சொல்லிட்டுத்தானே நானா செத்துச்சு. நீங்க அது வாயில தாளை அடைச்சுட்டீங்க."

நானா சிரித்துவிட்டார். சிரிக்காமல் என்ன செய்வது? அதற்குப் பிறகு அண்ணனுக்கு ஒரு யோசனை வந்தது. பெரிய நம்பர் பியூஸ் ஒன்றை வாங்கிப் போட்டுவிட்டால் எரியவே எரியாதே என்றான். "எரியிறதுதாங்க அதோட வேலை" என்று சொல்லி, அதே நம்பரில் ஒன்றை வாங்கிவரச் சொன்னார் அண்ணி. அதுதான் சுருக்குப் பைக்குள் போனது.

பிறகு அவரே லைசென்ஸ் எடுத்து ஓட்டவும் ஆரம்பித்தார். ஹயரிங் கார் நிற்கும் இடத்தில் முதலில் சிரித்தார்கள். சிரித்தவர்களின் பெண்டாட்டிகளே பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரி போக அண்ணியின் வண்டிதான் வேண்டும் என்று அடம்பிடித்தார்கள். வளைவுகளில் அவர் அவ்வளவு பதமாகத் திருப்புவார். அதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் தலை கொஞ்சம் நிமிர்ந்துவிடுகிறது. நிமிரட்டும்.

எனக்கு மாப்பிள்ளை மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டத்தில் அமைந்தது. அப்பா இல்லாத வீடு, மாமியார் தேயிலைக் கொழுந்தெடுத்தே மகனைப் படிக்க வைத்தவர். கல்யாணம் அந்தத் தோட்டத்துக் கோயிலில். எல்லாம் பேசி முடித்த பிறகு என் அண்ணன் பதுளைச் சந்தையில் வாழைத்தாரைத் தூக்கப்போய், படியில் சறுக்கிக் காலை முறித்துக்கொண்டான். முழங்கால்வரை மாவுக்கட்டு. பெண்ணை யார் கொண்டுபோவது? "நான் இருக்கேன்ல" என்றார் அண்ணி.

செய்தி மலையேறிப் போனது. மாமியார் ஆள்விட்டுச் சொல்லியனுப்பினார். "பொண்ணு வர்ற வண்டிய பொம்பள ஓட்டினா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. ஒரு ஆம்பள டிரைவரப் பாக்கச் சொல்லுங்க."

அண்ணன் நானாவிடம் சொல்லிவிடலாமா என்று யோசித்தான். நான்தான் குறுக்கே விழுந்தேன். கூறைச் சேலை அவர்கள் எடுத்தது, நாள் அவர்கள் குறித்தது, கோயில் அவர்களுடையது. வண்டியாவது எங்களுடையதாக இருக்கட்டும், அண்ணி ஓட்டினால்தான் ஏறுவேன் என்றேன். மாமியார் வீட்டுக்குப் போகுமுன்னே மாமியார் பேச்சை மீறியாகிவிட்டது. இனி வழியில் ஒரு பழுது வந்தால் அது அண்ணியின் தலையில்தான் விடியும், அதற்குப் பிறகு என் தலையில் ஆயுசுக்கும் விடியும் என்று எல்லோருக்கும் தெரியும். பெண் வருகிற வண்டி நடுவழியில் நிற்பதைவிட அபசகுனம் வேறென்ன இருக்கிறது?

கல்யாணத்தன்று அம்மாவும் சொந்தக்காரர்களும் சீர்த்தட்டுகளோடு வேனில் முன்னால் போய்விட்டார்கள். அண்ணி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். பக்கத்தில் மாவுக்கட்டுக் காலை நீட்டிக்கொண்டு அண்ணன். பின்னால் நானும் மாலைக் கூடையும். பின் கண்ணாடியைச் சுற்றிக் கலர் பல்புகள் எரிந்தன. அண்ணி என்னை அலங்கரித்துக்கொண்டிருந்த நேரத்தில் அண்ணன் முக்காலியில் உட்கார்ந்தபடியே செய்த வேலை அது.

"வயரு எந்தப் பக்கமா வருதுங்க?" என்று அண்ணி கேட்டார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. நல்ல நேரம் போகுது, நீ எடு."

பசறையைத் தாண்டி ஏற்றத்தில் ஏறினோம். இருபுறமும் தேயிலை. மேலே மலையில் கொழுந்தெடுக்கும் பெண்கள் பல்பு எரியும் காரைப் பார்த்துக் கைகாட்டினார்கள். நானும் கல்யாணப் பெண் என்பதை மறந்து கைகாட்டினேன். ஒரு வளைவில் பல்புகள் அணைந்தன. அடுத்த கணம் இன்ஜினும் ஓய்ந்தது. அண்ணி பிரேக்கைப் பிடித்து வண்டியை ஓரங்கட்டினார். நான் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தேன். ஆமாம், கூறைச் சேலையோடுதான். வேறு யார் வைப்பது, மாவுக்கட்டா?

சாவியைத் திருப்பினார். ஒன்றும் இல்லை. ஹோர்னை அழுத்தினார். அதுவும் இல்லை. "மெயின் பியூசு" என்றார்.

மேலேயிருந்து தேயிலைப் பெட்டி ஏற்றிய லொறி ஒன்று வந்து எங்களைக் கண்டு நின்றது. டிரைவர் இறங்கி வந்து என் கூறைச் சேலையையும் அண்ணனின் காலையும் பார்த்தார். விவரம் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"இதுக்கா பயந்தீங்க? ஒடைஞ்ச பெட்டி ஒண்ணு கெடக்கு. ஈயத்தாள் தாரேன், சுத்திவிடுங்க. நேரா கோயில் வாசல்தான்."

அண்ணனுக்கு உயிர் வந்தது. "சுத்து புள்ள. இன்னும் கொஞ்ச தூரந்தான். முகூர்த்தம் போயிரும்."

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. உள்ளதைச் சொல்கிறேன், அந்த நிமிஷத்தில் வண்டி முழுக்க ஈயத்தாள் சுத்தச் சொன்னாலும் சுத்தியிருப்பேன்.

அண்ணி ஈயத்தாளைத் தொடவில்லை. "சுத்தலாங்க. சுத்தினா பியூசு எரியாது. அதுக்குப் பதிலா எது எரியும்? பின்னால பொண்ணு உக்காந்திருக்கு" என்றார்.

வளையல்களைக் கழற்றி என் கையில் கொடுத்தார். தாலிக்கொடியை ரவிக்கைக்குள் போட்டார். பட்டுச்சேலையைத் தூக்கி இடுப்பில் செருகினார். பொனட்டைத் திறந்து, முதலில் பெட்டரியின் கறுப்பு வயரைக் கழற்றி ஒதுக்கி வைத்தார். பியூஸ் இருந்த சின்ன மூடியைத் திறந்தார். தகடு நடுவில் அறுந்து, ஓரம் கருகியிருந்தது. நான் இருந்தால் அடுத்த கணமே புது பியூஸை எடுத்துப் போட்டிருப்பேன். அவர் அதை விட்டுவிட்டு, அங்கிருந்து போகிற வயர்களை ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டே போனார். தேருக்கு முந்திய நாள் வடத்தைத் தடவிப் பார்ப்பார்களே, அதுபோல. முகூர்த்த நேரம் என்று ஒன்று இருப்பதே அவர் முகத்தில் தெரியவில்லை.

விரல் ஓரிடத்தில் நின்றது. பியூஸ் ஸ்குரூவிலிருந்து மெல்லிய சிவப்பு வயர் ஒன்று புதிதாகக் கிளம்பி, பொனட் ஓரமாக வெளியே போய்ப் பின்பக்கம் ஓடியது. பொனட்டை மூடிய இடத்தில் அது நசுங்கி, செம்பு தெரிந்தது. அதற்கு நேரே வண்டியின் தகரத்தில் கருகிய புள்ளி.

அண்ணி திரும்பி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் மலையைப் பார்த்தான், மலை என்ற ஒன்றை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவன்போல.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அண்ணே, இது உன் வேலையா? உன்னை யாரு இந்த பல்பைக் கேட்டா?" என்று கத்தினேன்.

"பாப்பா" என்றார் அண்ணி. குரல் உயரவில்லை. "ஏன் எரிஞ்சுச்சுன்னு கேளு. யாரு எரிச்சான்னு கேட்டா வண்டி கெளம்பாது."

சிவப்பு வயரை முழுவதும் கழற்றி, பல்புகளோடு சுருட்டி, அண்ணனின் மடியில் வைத்தார். தூக்கி எறியவில்லை, பத்திரமாக வைத்தார். தங்கைக்காக ஒருவன் ஆசை ஆசையாகக் கட்டியது அல்லவா. மற்ற வயர்களில் கீறல் இல்லை என்று இன்னொரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகுதான் சுருக்குப் பையைத் திறந்தார். விபூதி ஒட்டியிருந்த பியூஸைச் சேலையில் துடைத்து, எரிந்ததன் நம்பரும் இதன் நம்பரும் ஒன்றுதானா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஸ்குரூவை முறுக்கினார். கறுப்பு வயரைக் கடைசியாகப் போட்டார்.

"ஹோர்னை அடிங்க."

அண்ணன் எட்டி அழுத்தினான். மலை முழுக்கக் கேட்டது. மேலே நின்ற கொழுந்துக்காரிகள் எங்களைத்தான் அத்தனை நேரமும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஒருத்தி குலவை போட்டாள், பிறகு அந்த நிரை முழுவதும் குலவை போட்டது. எனக்காகப் போட்ட குலவை என்று லொறிக்காரர் நினைத்திருப்பார். எனக்குத் தெரியும் அது யாருக்கென்று. என் கல்யாணத்தில் மேளச் சத்தம்கூட எனக்கு ஞாபகமில்லை, அந்தக் குலவை ஞாபகமிருக்கிறது.

லொறிக்காரர் ஈயத்தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வண்டியைப் பின்னுக்கு எடுத்து வழிவிட்டார்.

மிச்ச ஏற்றத்தில் அண்ணன் வாய் திறந்தான். "வண்டி நின்ன கதைய அங்க சொல்லிறாத. பசறையில மழைன்னு சொல்லிக்கலாம்." அண்ணி கியரை மாற்றினார்.

கோயில் வாசலில் மாப்பிள்ளை வீட்டார் மொத்தமும் நின்றார்கள். உள்ளேயிருந்து ஐயர் பொண்ணைக் கூப்பிடச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆலாத்தித் தட்டோடு முன்னால் நின்றவர் என் மாமியார்.

"ஏன் இவ்வளவு தாமசம்?"

"பசறையில மழைங்க" என்று ஆரம்பித்தான் அண்ணன். வெயில் அவன் மாவுக்கட்டின்மேல் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது.

அண்ணி முன்னால் வந்தார். "மழை இல்லீங்க சம்பந்தியம்மா. வண்டி நின்னுருச்சு. பல்பு வயரு பொனட்டுல நசுங்கி மெயின் பியூசு எரிஞ்சுருச்சு. பொறப்படும்போதே வயரு எப்படி வருதுன்னு கேட்டேன், எறங்கிப் பாக்காம விட்டது என் தப்புதான். இப்ப சரி பண்ணியாச்சு."

கூட்டத்தில் யாரோ ஒரு அம்மாள், "பொண்ணு வர்ற வண்டி நின்னுச்சா, இது நல்லதுக்கில்லையே" என்று முணுமுணுத்தார். அப்போது அண்ணன் நொண்டிக்கொண்டே வந்து நின்றான். "வயரு இழுத்தது நான்தாங்க. அவ இல்ல" என்றான். என் அண்ணன் ஒரு தப்பை நாலு பேர் முன்னால் ஒப்புக்கொண்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மாமியார் அவனைப் பார்க்கவில்லை. அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு சரி பண்ணினது?"

"நான்தாங்க."

"கையக் காட்டு."

அண்ணி காட்டினார். பெட்டரி கிறீஸும் கரியும் ரேகைக்குள் எல்லாம் ஏறி, விரல்கள் கறுத்துப்போயிருந்தன. பட்டுச்சேலைக்கும் அந்தக் கைக்கும் ஒட்டவே ஒட்டாது.

மாமியார் ஆலாத்தித் தட்டைப் பக்கத்தில் கொடுத்துவிட்டுத் தன் வலது கையை அண்ணியின் கையோடு சேர்த்துப் பிடித்தார். கொழுந்துப் பால் கறை ஏறி ஏறி அந்த விரல்களும் கறுத்திருந்தன. கல்யாணத்துக்காக எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்திருப்பார். போகவில்லை.

"ஒனக்கு மண்ணெண்ணெய் போட்டா போயிரும்" என்றார். "எனக்குப் போகாது." பிறகு முணுமுணுத்த அம்மாளைத் திரும்பிப் பார்த்தார். "மலைக்குப் போற வழியில கூடைக் கயிறு அறுந்தா முடிச்சுப் போட்டுக்கிட்டு மேலதானே ஏறுறோம். வீட்டுக்கா திரும்புறோம்? பொண்ண உள்ள கூட்டிட்டு வாங்க."

தாலி ஏறியது. முகூர்த்தம் தப்பவில்லை.

படம் பிடிக்கப் பதுளையிலிருந்து வந்திருந்த ஸ்டூடியோக்காரர், அண்ணியின் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொள்ளச் சொன்னார். அண்ணியும் மறைக்கப் போனார். "எதுக்கு மறைக்கிற? இருக்கட்டும்" என்று சொல்லி, அந்தக் கையை இழுத்துத் தன் கையோடு கோத்துக்கொண்டார் என் மாமியார்.

அந்தப் படம் எங்கள் வீட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறது. மாமியார் இருந்தவரை வீட்டுக்கு யார் வந்தாலும் அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, "எங்க மருமகளோட அண்ணி. வண்டிய இவதான் சரி பண்ணினா" என்பார். ஆம்பள டிரைவர் கேட்டு ஆள் அனுப்பியவர் தாம் என்பதை எல்லாம் அவர் மறந்தே போயிருந்தார். நானும் ஞாபகப்படுத்தவில்லை. வருகிறவர்களைப் படத்தின் முன்னால் நிறுத்தும் வேலையை இப்போது நான் செய்கிறேன். படத்தில் கல்யாணப் பெண் சரியாகக் கண்ணை மூடியிருக்கும் நேரம் பார்த்துத்தான் ஸ்டூடியோக்காரர் அமுக்கியிருக்கிறார், ஐயோ பாவம் என்று பார்ப்பவர்கள் சொல்வார்கள். என்னை விடுங்கள், நடுவில் கோத்திருக்கும் அந்த இரண்டு கைகளைப் பாருங்கள் என்பேன்.